வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ஒரே அளவா? குடற்புழு நீக்க முகாம் நடத்தும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்ற முகாமிலும் வெள்ளாடு, செம்மறி, கிடா, குட்டி எல்லாவற்றுக்கும் ஒரே அளவில்தான் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து ஊற்றப்பட்டது. பதினைந்து நாள் கழித்தும் வெள்ளாடுகளுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குகிறது. கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தால் சிவப்பு துளிகூட இல்லை, இரத்தம் வற்றி வெளுத்திருக்கிறது. மருந்து குடித்த ஆடு ஏன் செத்தது என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

காரணம் நீங்கள் அறியாததல்ல. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். 2.5 சதவீத மருந்தில் மில்லிக்கு 25 மில்லிகிராம். 20 கிலோ செம்மறிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 4 மில்லி போதும். அதே எடை வெள்ளாட்டுக்கு 8 மில்லி வேண்டும். அதற்கும் 4 மில்லியே ஊற்றினால் புழுவுக்குக் கிடைப்பது அரைகுறை மருந்துதான்.

ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு அந்த அரைகுறையைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. தன் நொதிகளால் அல்பெண்டசோலை ஆக்சிஜனேற்றம் செய்கிறது, மருந்தைச் செயலிழக்கச் செய்ய அதன்மேல் குளுக்கோஸையும் கோத்துவிடுகிறது. ஆட்டின் ஈரல் இப்படிக் கோப்பது குளுகுரோனிக் அமிலத்தை, புழுவோ குளுக்கோஸை. எதிர்ப்புள்ள புழுக்களில் இந்த வேலை கூடுதலாக நடப்பதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. அதோடு, புழுவின் உடலில் மருந்து ஒட்டும் இடமான பீட்டா டியூபுலின் புரதத்தின் 200ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் என்ற வேறொன்று வந்துவிட்டால், மருந்து அங்கே சரியாக ஒட்டாது. குறைந்த அளவுக்குத் தப்புபவை இத்தகைய புழுக்களே. ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். அவ்வளவும் புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில்தான் விழுகிறது.

எனவே வெள்ளாட்டுக்குத் தனி அளவு வேண்டும். கண்மதிப்பு வேண்டாம், தராசு வையுங்கள். புட்டியை ஒவ்வொரு முறையும் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஆகாது. லெவாமிசோல் என்ற வேறு வகைப் புழு மருந்தை இதேபோல் இரட்டிப்பாக்கிவிடாதீர்கள், ஆட்டுக்கே நஞ்சாகும்.

எத்தனை ஆட்டுக்கு ஊற்றினோம் என்று ஒவ்வொரு முகாமிலும் எழுதுகிறீர்கள். எத்தனை புழு செத்தது என்று எந்த நோட்டில் எழுதுகிறீர்கள்? மருந்து கொடுக்கும் அன்றும் 14ஆம் நாளும் பத்துப் பதினைந்து ஆடுகளின் புழுக்கையை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கும் மெக்மாஸ்டர் என்ற கட்டமிட்ட தட்டில் புழு முட்டை எண்ணினால் தெரிந்துவிடும். முட்டை 95 சதவீதம்கூடக் குறையவில்லையென்றால் மருந்து வகையையே மாற்ற வேண்டும். அல்பெண்டசோலை விட்டு ஃபென்பெண்டசோலுக்குப் போவது மாற்றமல்ல, இரண்டும் ஒரே குடும்பம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த முகாமுக்கான உத்தரவிலேயே வெள்ளாட்டுக்குத் தனி அளவையும் 14ஆம் நாள் புழுக்கைப் பரிசோதனையையும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.