வாசிக்காதவரைப் பார்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் நீ கேட்டாய், “அதே கச்சேரியை டிவியில் எத்தனை தடவைதான் அம்மா பார்ப்பாய்?” என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்பா பக்கத்திலிருந்து “மனப்பாடம் ஆகும் வரை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மனப்பாடம் எப்போதோ ஆகிவிட்டது, அதனால் அது பதில் இல்லை. போனில் விளக்க ஆரம்பித்தால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே “சரி, சரி” என்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

முதலில், நீ வாங்கி அனுப்பிய ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் எனக்கும் அதற்கும் பெரிய சண்டை. மிருதங்கத்தில் கை விழுவது தெரிகிறது. ஒலி அதற்குப் பிறகு வருகிறது. கொஞ்சம்தான், கண் சிமிட்டும் நேரம்கூட இராது. ஆனாலும் வித்வானுக்குப் பின்னால் வேறு யாரோ ஒளிந்துகொண்டு வாசிப்பது போல இருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். அப்பா வழக்கம்போல “ஒன்றும் வித்தியாசம் இல்லையே” என்றார். புளூடூத்தை விட்டுவிட்டுக் கேபிளில் மாட்டியதும் கையும் ஒலியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரிய அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஒலி இதைப் போலத் தாமதமாகத்தான் வருகிறது. காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தானே போகும்? மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். அங்கே அது உறுத்துவதில்லை. தூரத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது, காது அதை ஏற்றுக்கொள்கிறது. வீட்டிலோ, கேமரா நம்மைக் கொண்டுபோய் மிருதங்கத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வைத்துவிடுகிறது. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்த பிறகு தாமதத்தை எப்படிப் பொறுப்பது? ஒலி முந்தி வந்தால் இன்னும் மோசம். ஒளிபரப்புத் துறையினர் இதை அளந்தே வைத்திருக்கிறார்கள். படத்தைவிட ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவாராம். பிந்தினால் 125 வரை தெரியாதாம். மின்னலுக்கு முன்னால் இடி கேட்டுப் பழகிய காது உலகத்தில் ஏது?

டிவியிலும் இரண்டு விஷயங்களை அணைத்துவிட்டேன். ஒன்று, அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று இல்லாத படங்களை அதுவே நடுநடுவே செருகும் வசதி. வயலின் வில் மெழுகு போல வழுக்கியது. இன்னொன்று, சத்தத்தைச் சமமாக்கும் வசதி. தம்புரா மட்டும் மீட்டப்படும் இடத்தை உரக்கத் தூக்கிவிட்டு, உச்சஸ்தாயியில் பாடகி குரலைத் திறக்கும்போது அமுக்கிவிட்டது. கச்சேரியில் ஏற்றமும் இறக்கமும் சமமாகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் ஒரு வழக்கு பாக்கி. அவர் ஒலியைக் குறைத்துக்கொண்டே வருவார். குறைத்தால் எல்லாம் சமமாகக் குறைவதில்லை, தாழ்ந்த சுருதியில் வரும் கனத்த ஒலிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். நான் அதைச் சொன்னால், “அவர்களுக்கு அப்படி, எனக்கு இது போதும்” என்கிறார். மிருதங்கத்தின் தொப்பி என்ற கனத்த இடப்பக்கம் மறைந்துபோய், வலந்தலை என்ற வலப்பக்கம் மட்டும் டக் டக்கென்று யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்கிறது. அவர் தூங்கியதும் ஏற்றிக்கொள்கிறேன். விரிவான ஆலாபனை அவருக்குத் தாலாட்டு. கைதட்டல் கேட்டதும் எழுந்து “பிரமாதம்” என்பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

நேரில் போவதற்கு இது ஈடாகாது என்று நீ சொன்னது உண்மைதான். ஒரு கமகம் இறங்கும்போது நானூறு பேர் மூச்சை அடக்கிக்கொள்ளும் அந்த அமைதி எந்த மைக்கிலும் ஏறாது. முழங்கால் ஒத்துழைத்தால் நானும் போவேன். ஆனால், நேரில் போனபோது நான் என்ன பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நடுவில் இருந்த பாடகியை மட்டும்தான் பார்த்தேன். மற்றவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் ஒரே கச்சேரியை நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் என் கண் நடுவிலிருந்து நகர்ந்தது. அடுத்து என்ன பாடப் போகிறார் என்பது தெரிந்துவிட்டதால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. அது சும்மா இருக்காமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓரத்தில் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் இப்போது பார்க்கிறேன்.

நீயும் பார்த்த அந்தக் கச்சேரியையே எடுத்துக்கொள். பாடகி ராகத்தை விரிக்கிறார். வயலின்காரர் நிழலைப் போலத் தொடர்கிறார், அதை எல்லோரும் கவனிப்பார்கள். மிருதங்கக்காரருக்கு அப்போது வேலையே இல்லை. இருபது நிமிடம் கை மடியில் இருக்கிறது. ஆனால் அவருடைய வலது கட்டைவிரலைப் பார். பாடகி ஒரு சொற்றொடரை முடிக்காமல் தொங்கவிடும்போதெல்லாம் அந்த விரல் சற்றே தூக்கி நிற்கிறது. பாடகி வந்து முடித்ததும் விரல் இறங்குகிறது. ராக ஆலாபனையில் தாளமே கிடையாது, அதனால் மிருதங்கக்காரர் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கூடவே போய்வருகிறார். இதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பாடகியைவிட அந்த விரல் முக்கியமாகிவிட்டது.

ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு மதிய நேரக் கச்சேரியின் பதிவு இருக்கிறது, நீ பார்த்திருக்கக்கூடும். பியானோ வாசிக்க உட்கார்ந்திருப்பவர் மரியா ஜுவாவ் பிரெஸ், வாத்தியக் குழுவை நடத்துபவர் ரிக்கார்டோ ஷாயி. மொசார்ட்டின் 20-ஆவது பியானோ கன்செர்ட்டோவை, அதாவது பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, குழு ஆரம்பிக்கிறது. பிரெஸ் தயார் செய்துகொண்டு வந்திருந்ததோ மொசார்ட்டின் வேறொரு கன்செர்ட்டோ! முதல் சில நொடிகளிலேயே அந்த முகம் வெளிறிப்போகிறது. தலை கவிழ்கிறது, கை நெற்றிக்குப் போகிறது. ஷாயி கையை நிறுத்தாமலே அவரோடு பேசுகிறார், உங்களுக்கு இது நன்றாகத் தெரியுமே என்று தைரியம் சொல்கிறார். அந்த கன்செர்ட்டோவில் பியானோ நுழைவதற்கு முன்னால் குழு மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசிக்கும். நினைத்துப் பார், அந்த இரண்டு நிமிடம்! எழுந்து போகவும் முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. நினைவின் எந்த அறையில் அது இருக்கிறது என்று உள்ளே ஓடித் தேடுகிறார். நாம் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்புறம் அவருடைய முறை வருகிறது. விரல்கள் இறங்குகின்றன. ஒரு ஸ்வரம்கூடத் தடுமாறவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது வெறும் நல்ல வாசிப்பு. அந்த இரண்டு நிமிடத்து முகம் சேரும்போதுதான் நடந்தது என்ன என்று தெரிகிறது.

இன்னொன்று 1986 ஜூலையில் அமெரிக்காவில், டாங்கிள்வுட் இசை விழாவில் நடந்தது. வயலின் கலைஞர் மிடோரிக்கு அப்போது 14 வயது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தான் எழுதிய படைப்பைத் தானே நடத்துகிறார். நடுவில் அந்தப் பெண்ணின் வயலினில் மேல் தந்தி அறுந்துவிடுகிறது. குழுவின் முதல் வயலின்காரரிடம் திரும்பி அவருடைய வாத்தியத்தை வாங்கி வாசிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அதிலும் அதே தந்தி போகிறது. மூன்றாவது வயலின் கைக்கு வருகிறது, வாசித்து முடிக்கிறாள். எல்லோரும் அவளைப் புகழ்வார்கள், புகழட்டும். என் கண் மட்டும் வயலினைக் கழற்றிக் கொடுத்தவர்கள் மேலேயே இருக்கிறது. தன் அளவுக்குப் பழகிய வாத்தியத்தை, யோசிக்க நேரமே இல்லாமல், ஒரு சிறுமியிடம் நீட்டுகிற கை அது. அவர் தயங்கியிருந்தால் கச்சேரி அங்கேயே நின்றிருக்கும்.

குழுவை நடத்துபவருடைய முகமும் அப்படித்தான். அரங்கில் பெரும்பாலோருக்கு முதுகுதான் கிடைக்கும். கார்லோஸ் கிளைபர் 1989-லும் 1992-லும் வியன்னா புத்தாண்டுக் கச்சேரியை நடத்தியபோது டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அவருடைய கோட்டுதான் தெரிந்திருக்கும். வாத்தியக்காரர்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கல்லவா கிடைத்தது, நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு!

படம் பிடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. மூன்று நொடிக்கு ஒரு தடவை காட்சியை வெட்டுகிறார்கள். யார் ஒலி எழுப்புகிறாரோ அவரை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று எவரோ சட்டம் போட்டது போல. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி பதில் நடத்தும்போது, பதில் சொல்லப் போகிறவர் கேள்வியைக் காதில் வாங்குகிற முகத்தைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது? அந்த நேரம் பார்த்து கிரேனில் கேமராவை ஏற்றிக் கூரை விளக்கைக் காட்டினான் ஒருவன். நான் டிவியைப் பார்த்துத் திட்டினேன், அப்பா எழுந்துவிட்டார். இதைவிடப் பெரிய பாவம், கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் ஒலியைத் தேய்த்துப் பெயர்ப் பட்டியலை ஓடவிடுவது. எனக்குப் பிடித்தது பழைய பதிவுகள்தான், இரண்டே கேமரா. ஒன்று மேடை முழுவதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வசதி இல்லாததால் அப்படி எடுத்தார்கள், அதுவே நமக்கு நல்லதாகப் போயிற்று.

பிறகு, நேரடிக் கச்சேரி என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் நம்பாதே. பிசிறுகளை ஸ்டுடியோவில் திருத்தி வெளியிடுவது பழைய வழக்கம். அதனால்தான் இருமல், நகர்ந்த நாற்காலி, மைக்கில் இடித்த வில் எல்லாம் கேட்டால் எனக்கு நிம்மதி. ஆள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

உன்னிடம் ஒரு குறை. நீ சுருதி சேர்க்கும் இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறாய், எனக்குத் தெரியும். 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது, வாசிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சொன்னது பதிவிலேயே இருக்கிறது. எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் கைதட்டியவர்கள் கட்சி. ஒருவர் தந்தியை முறுக்க, மற்றவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற அந்த நேரத்தில்தான் இன்றைக்கு இவர்களுக்குள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் தள்ளிவிட்டால், வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்தது போலாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோமே, உனக்கு அது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே கைதட்டல் முடிந்ததும் உன் பக்கத்திலிருந்து அதே கைதட்டல் மறுபடி, மெல்லியதாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. நீ “ஆகா” என்றபோது எனக்கு அந்த இடம் கடந்துபோயிருந்தது. அதனால் என்ன? நீ எந்த இடத்தில் “ஆகா” சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னால், வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரே, அங்கே. உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

இந்த ஞாயிறும் அதையே பார்ப்போம். ஒலியை ஹெட்போனில் வைத்துக்கொள், அப்போதுதான் உன் கைதட்டல் என் கைதட்டலோடு மோதாது. நடுவில் நிறுத்தக் கூடாது. யார் அழைத்தாலும் சரி. நீ பாடகியைப் பார்க்காதே, அவரை அப்பா பார்த்துக்கொள்வார், விழித்திருந்தால். நீ மிருதங்கக்காரரைப் பார், நான் வயலினைப் பார்க்கிறேன். முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணுவேன். மூன்றில் அழுத்த வேண்டும். போன தடவை நீ நான்கில் அழுத்தினாய்.

அன்புடன்,
அம்மா