362 டொலர் 40 சதத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்பான கணக்கு அக்காவுக்கும், ரொறன்ரோ ஸ்காபரோவின் மல்வேர்னில் எங்களோடு நின்ற எல்லாருக்கும்,

எங்கள் குடியிருப்பாளர் குழு வாங்கிய மானியத்தின் இறுதிக் கணக்கறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. ஏற்றுக்கொண்டதாக நேற்றுப் பின்னேரம் பதிலும் வந்தது. கடைசி மூன்று கிழமை எப்படிப் போனது என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அதை இன்னொருக்கா எழுதிக் களைக்க விருப்பமில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறமுன்னம் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, எங்களுக்காக மானியக் காசை வாங்கி வைத்திருந்த ட்ரஸ்டி அமைப்பின் கணக்கறையில் இருப்பவருக்கு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். ஆனாலும் குழுவிலுள்ள தமிழ் அம்மாமார் வைத்த 'கணக்கு அக்கா' என்ற பெயர் இப்போது ஜமேக்கா அம்மாமாரின் வாயிலும் நின்றுவிட்டது. அவர் செய்தது பார்வைக்குச் சின்ன விஷயம். எங்கள் செலவுகளில் திரும்பி வந்த வரிக்காசை எங்கள் திட்டத்தின் பேரிலேயே போட்டுவிட்டு, இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினார். 362 டொலர் 40 சதம்.

ஸ்காபரோவில் இதே வேலை செய்கிற மற்றக் குழுக்களும் இதை வாசிக்கும் என்பதால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம். பதிவில்லாத குடியிருப்பாளர் குழுவுக்கு மானியம் பெரும்பாலும் நேரே வராது. பதிவுபெற்ற தொண்டமைப்பு ஒன்று ட்ரஸ்டியாக நின்று காசை வாங்கி, கணக்கு வைத்து, எங்களுக்காகச் செலவழிக்கும். அதற்கு ஒரு கட்டணமும் எடுக்கும். எங்களுக்கு 10 வீதம். அது நியாயம்தான், புத்தகம் எழுதுவதும் வேலை.

இனி வரி. ஒன்ராறியோவில் எச்எஸ்ரி என்ற விற்பனை வரி 13 வீதம், அதில் 5 மத்திய அரசுக்கு, 8 மாகாணத்துக்கு. தொண்டமைப்பு ஒன்று தான் கட்டிய வரியில் மத்திய பங்கின் பாதியையும் மாகாணப் பங்கின் 82 வீதத்தையும் திருப்பிக் கேட்கலாம். வரிக்கு முந்தி 4,000 டொலருக்கு நாங்கள் செலவழித்திருந்தோம்: அச்சடிப்பு, கதிரை மேசை வாடகை, சமைத்த சாப்பாடு, புறொஜெக்டர். அதற்குக் கட்டிய வரி 520 டொலர். அதில் மத்திய பங்கான 200இல் 100 திரும்பும், மாகாணப் பங்கான 320இல் 262.40 திரும்பும். கூட்டிப் பாருங்கள்.

அந்தக் காசு சட்டப்படி வருவது தொண்டமைப்பின் கைக்கு. அதை அவர்கள் பொதுக் கணக்கில் வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கள் ஒப்பந்தத்தில் அதைப்பற்றி ஒரு வசனமும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு! பிள்ளை பராமரிப்புக்கு ஒதுக்கிய காசு காலியாகி, மிச்சம் இரண்டு வாடகையாளர் கூட்டம் கிடந்த நேரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு வருவது யார், வராமல் விடுவது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. நாங்கள் எழுதி வைத்திருந்த அறிக்கையில் 13 வீத வரியையும் முழுச் செலவாகக் காட்டியிருந்தோம். காசு ஒருபக்கம் திரும்பி வர, மறுபக்கம் அதையே செலவு என்று காட்டினால் ஒரே டொலர் இரண்டு தரம் எண்ணப்படும். கணக்காய்வில் முதலில் பிடிபடுவது அதுதான். திரும்பாத பங்கு 3.94 வீதம் மட்டும். அப்படியென்றால் ட்ரஸ்டி வாங்கும் 1,000 டொலர்ச் சாமானுக்குப் பாதீட்டில் 1,130 அல்ல, 1,039.40 என்று எழுதவேண்டும். எங்கள் பாதீடு முதல் நாளிலிருந்தே இந்த இடத்தில் பிழை. அவர் அதைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். சிவப்புப் பேனை எடுக்காததற்கும் நன்றி.

பில் விஷயத்தில் அவர் சொல்லித் தந்ததும் இங்கே கிடக்கட்டும். பில்லைத் தொண்டமைப்பின் பேரில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் வரி எண் அதில் தெரியவேண்டும். கைக்காசு போட்டு வாங்கினால் அன்றே செலவுப் படிவம் நிரப்பி மூலப் பில்லோடு கொடுத்துவிடுங்கள். கடையில் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு வெப்பத்தில் அச்சாவது, காரின் டாஷ்போர்டில் ஒரு கோடை கிடந்தால் வெள்ளைத் தாள்தான். வாங்கின நாளே படம் எடுங்கள். கிஃப்ட் கார்ட் கொடுத்தால் வாங்கினவரின் கையெழுத்தும் தொகையும் திகதியும் ஒரே தாளில் இருக்கட்டும். ஒருவருக்கு ஆண்டில் 500 டொலருக்கு மேல் மதிப்பூதியம் போனால் ரி4ஏ என்ற வருமானச் சீட்டு எழுதவேண்டி வரும், ஆகவே டிசம்பரில் பெயர் தேடி ஓடாமல் முதல் நாளே விபரம் வாங்கி வையுங்கள். சமூக உதவிப் பணம் பெறுகிற ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுக்கமுன், அது அவருடைய மாதக் காசைக் குறைக்குமா என்று அவரே தன் அலுவலரிடம் கேட்க நேரம் கொடுங்கள். நாங்கள் நன்மை என்று நினைத்துக் கொடுப்பது அவருக்கு வெட்டாக விழக்கூடாது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லுகிறோம், கோவிக்க வேண்டாம். மடக்குக் கதிரை இரவல் தந்த கரிபியன் முதியோர், ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளையும் தனித்தனியே போட்டு பில்லைத் திருப்பி எழுதித் தந்த கடை அண்ணை, தமிழுக்கும் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலொக்குக்கும் மொழிபெயர்த்த பிள்ளைகள், 140 பற்றுச்சீட்டை இரண்டு இரவில் ஸ்கான் பண்ணிய பல்கலைக்கழகத் தம்பி, எழுத்தில் வேண்டாம் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று இடைக்கால அறிக்கையைக் காதால் வாங்கிக்கொண்ட மானிய அலுவலர், நன்றி.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறோம். 2022 ஜூனுக்கு முந்திய சட்டத்தில், தொண்டமைப்பு ஒன்று மற்றத் தொண்டமைப்புகள் போன்ற தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கலாம், அல்லது தன் சொந்தச் செயற்பாட்டுக்குச் செலவழிக்கலாம். ஆகவே எங்களைப்போன்ற குழுவின் வேலையை ட்ரஸ்டி தன் வேலை என்று எழுதவேண்டியிருந்தது. வீட்டு வாசலில் நின்று கதவு தட்டினவர் கடுதாசியில் வெறும் முகவர். அந்த ஆண்டு சட்டம் மாறி, பதிவில்லாத குழுவுக்கும் உரிய பொறுப்புக்கூறலோடு நேரே மானியம் கொடுக்கலாம் என்று வந்தது. அதற்கான வரித்துறை வழிகாட்டி 2023 டிசம்பரில் வெளிவந்தது. நல்ல மாற்றம், வரவேண்டிய மாற்றம். முன்னணி அறக்கட்டளைகள் கொடுக்கும் 100 டொலரில் கறுப்பினத்தவர் தலைமையிலான அமைப்புகளுக்கு 7 சதம்தான் போகிறது என்று 2020இல் ஆய்வு வெளிவந்த நாட்டில், வாசல் எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காணாது.

ஆனால் அந்த வாசலில் ஒரு படி தடக்கும். காசு நேரே எங்கள் கைக்கு வந்தால் வாங்குபவர் நாங்கள். அப்போது தொண்டமைப்பு என்ற பேரில் கிடைக்கும் வரி மீளளிப்பு இல்லை, 13 வீதமும் போனது போனதுதான். மரியாதை கூடும், 1,000 டொலருக்கு 90 டொலர் 60 சதம் குறையும். எது நல்லது என்று எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. அதிகம் மதிப்பூதியத்துக்கும் ரி.ரி.சி. பஸ், ரயில் கட்டணத்துக்கும் போகிற திட்டமென்றால் அவற்றில் எச்எஸ்ரி இல்லை, நேரே வாங்குவதே மேல். சாமானும் அச்சும் நிறைய என்றால் ட்ரஸ்டி வழியில் 10 வீதக் கட்டணத்தின் ஒரு பங்காவது மீளும்.

அடுத்த ஒப்பந்தத்தில் மீளளிப்பு யாருக்கு என்ற வசனம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டோம். மல்வேர்னில் முதல் தரம் பாதீடு எழுதுகிற எந்தக் குழுவோடும் ஒரு சனிக்கிழமை இருந்து, அந்த 3.94 வீதத்தை முதலிலேயே சரியாகப் போட்டுக் கொடுப்போம். தேநீர் அவர்களுடையது.

அக்கா, நீங்கள் பில் போட்டு வைக்க இரவல் தந்த, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறையுள்ள ஃபைலை இன்னும் திருப்பித் தரவில்லை. அது இப்போது அடுத்த கட்டிடத்து அம்மாமாரிடம் இருக்கிறது. ஜனவரி அறையில் ஏற்கெனவே மூன்று பில்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர் குழுவினர்