விறகு கொண்டுவந்து சேர்த்த சொந்தங்களுக்கு நன்றி மடல்

எங்கள் ஊர்ச் சொந்தங்களுக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

தங்கச்சி கல்யாணம் வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. கடைசிப் பந்தி வரைக்கும் சோறு சூடாக இருந்தது என்று வந்தவர்கள் வாயாரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நல்ல பேரில் பாதி சமையல் மாஸ்டருக்கு. மீதி, பங்குனி வெயிலில் எங்கள் தரிசில் இறங்கி விறகு வெட்டி, ஏற்றி, வீட்டுப் பின்னால் அட்டியாக அடுக்கிக் கொடுத்த உங்களுக்கு. வீடு வீடாக வந்து சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதி வைத்தால்தான் மனசு ஆறும்.

அப்பா போனதிலிருந்து அந்த நிலத்தில் உழவு ஓட்டவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் நிலத்தைச் சும்மா போட்டால் என்ன ஆகும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆடு தின்ற சீமைக்கருவை நெற்று புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. சில வருசத்தில் ஆள் நுழைய முடியாத முள்ளுக்காடு. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோதே நம் நிலத்திலும் எடுத்துவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்கள். கூலி கொடுத்து எடுக்கக் கையில் வசதி இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு மாஸ்டர், பெரிய அண்டாவுக்குக் கோட்டை அடுப்பும் விறகும்தான் சரிப்படும் என்றார். கடை விறகின் விலையைக் கேட்டு நான் யோசித்துக்கொண்டு நின்றபோது பெரியப்பாதான், “விறகு நம்ம காட்டுலயே நிக்குதேப்பா” என்றார். மறுநாள் விடியக்காலையில் அரிவாளும் கோடாரியும் கவைக்கம்புமாகத் தெருவே வந்து வாசலில் நின்றது.

கருவை வெட்டுவது எவ்வளவு பாடு என்று வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் கவைக்கம்பால் முள் கொப்பை நெட்டித் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து அடியில் வெட்ட வேண்டும். பிடி கொஞ்சம் நழுவினாலும் கொப்பு முகத்துக்கு வரும். முள் ஏறிய இடம் வீங்கி, ராத்திரி முழுக்கக் கடுக்கும். ஒதுங்கி உட்கார்ந்து ஊக்கால் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை முனகாமல் திரும்பப் போய்க் கவைக்கம்பைப் பிடித்த மச்சான்மார்களை நான் மறக்க மாட்டேன்.

கீழத்தெருத் தம்பியின் பொலிரோ பிக்கப் இன்னும் தவணை முடியாத வண்டி. அந்த முள்ளுக்குள் யார் வண்டியை இறக்குவார்கள்? “நீ பாதையை மட்டும் கூட்டிக் குடுண்ணே” என்றான். சின்னப் பிள்ளைகள் முன்னால் முள்ளைக் கூட்டிக்கொண்டே போக, அவன் பின்பக்கமாக அங்குலம் அங்குலமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாடகை பேச்சையே எடுக்கவிடவில்லை. டீசல் காசைக்கூட அம்மா அவன் பையில் திணிக்க வேண்டியிருந்தது.

லோடு ஏற்றியதில் மேலத்தெரு அத்தையை விட்டுவிட்டு இந்த மடலை முடிக்க முடியாது. கருவையில் நேரான கட்டை எங்கே இருக்கிறது? கரி சுடும் மூட்டத்தில் கட்டை அடுக்கிப் பழகிய கை அவருடையது. தூர்க்கட்டையை டிரைவர் கேபினை ஒட்டி அடியில் போடச் சொன்னார். கோணல் கட்டைகளை ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றாகத் திருப்பித் திருப்பிப் பொருத்தினார். சுள்ளிகளை மேலே பரப்பிக் கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகு, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவிட்டார். கண்மாய்க் கரை மேடு பள்ளத்தில் ஒரு கட்டைகூடச் சரியவில்லை. எங்கள் பையன்கள் இதை அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

பனையேறும் தாத்தா ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீருக்கும், தினமும் கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி.

ஜேசிபி வைத்திருக்கும் சித்தப்பாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கருவையை மேலே வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். அவர் தானாகவே வந்து, ஒரு பொழுது முழுக்க நின்று தூரோடு பெயர்த்துக் கொடுத்தார். எங்களுக்குத் தேவைப்பட்டது விறகு. நீங்கள் அப்பாவின் நிலத்தையே மீட்டுக் கொடுத்துவிட்டீர்கள். வரப்பு கண்ணுக்குத் தெரிந்த அன்றைக்கு அம்மா அதன்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்கள்.

கல்யாணம் போக இன்னும் நிறைய விறகு அட்டியில் இருக்கிறது. ஆடிக் கஞ்சிக்கு வேண்டியதை அம்மன் கோயிலுக்கு ஒதுக்கிவிட்டோம். மீதியை யாருக்குத் தேவையோ அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். கோடை உழவு முடிந்தது. புரட்டாசியில் புழுதியில் நெல் விதைக்கிறோம், மேட்டுப் பக்கம் முண்டு மிளகாய் போடலாம் என்று இருக்கிறோம். விதைப்பு அன்றைக்குக் காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில். எல்லாரும் பிள்ளைகளோடு வந்துவிட வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
கல்யாண வீட்டார்