சி.ஆர்.பி. ஏறினாலே கிருமி என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

“விபத்தில் காயமடைந்தவரின் சி.ஆர்.பி. 100ஐத் தாண்டினால் இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று அர்த்தம்.” சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த இந்த வரியை அச்சேறுமுன் ஒரு வைத்தியரிடமாவது காட்டியிருக்கலாகாதா?

தொடையெலும்பும் விலாவும் முறிந்தவருக்குக் கிருமியே இல்லாமல் சி.ஆர்.பி. லீற்றருக்கு 150, 200 மில்லிகிராம் என்று ஏறும். நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் இழைமணித் (கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகொண்ட்ரியா) துணுக்குகள் பற்றீரியாவை ஒத்தவை. அவற்றைக் கண்டதும் வெண்குருதிக்கலங்கள் தூண்டப்பட்டுச் சுயாதீன மூலிகங்களை (பிறவற்றோடு எளிதில் தாக்கமுறும் மூலக்கூறுகளை) வெளிவிடுகின்றன, அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-6 என்ற புரதம் கூடுகிறது; ஈரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. காயம்பட்டு ஆறு மணித்தியாலமளவில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் 19 மணித்தியாலம். அதன்பின் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோதான் புண், நெஞ்சு, சிறுநீர்க்குழாய், நாளத்தில் போட்ட ஊசி என்று கிருமியைத் தேட வேண்டும். இடையில் சத்திரசிகிச்சை நடந்தால் அதற்கும் ஏறும். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிருமித்தொற்றை அறியப் பார்க்கும் இன்னொரு இரத்தப் பரிசோதனையான புரோகல்சிடோனினும் பலத்த காயத்தில் கிருமியின்றி ஏறக்கூடியதுதான்.

அந்த 100க்கு அலகும் இல்லை. லீற்றருக்கு 100 மில்லிகிராமா, டெசிலீற்றருக்கா? பத்து மடங்கு வித்தியாசம்! லாப் மாறும்போது அலகும் மாறலாம். டெசிலீற்றர் கணக்கில் வந்த 18ஐப் பார்த்து ஆறுதலடைந்தவருக்கு உண்மையில் லீற்றர் கணக்கில் 180 இருக்கலாம்.

முன்னரும் இப்படித்தான். இரத்தத்தில் லக்டேட் (ஒட்சிசன் போதாதபோது கலங்களில் கூடும் பொருள்) கூடினால் ஆபத்து என்று எழுதினீர்கள். அதற்கான இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, 15 நிமிடத்துக்குள் கலங்களைப் பிரிக்க வேண்டும். சாதாரண குழாயில் மேசையில் கிடந்தால் செங்குருதிக்கலங்களே குளுக்கோசை எரித்து லக்டேட்டைக் கூட்டிவிடும் என்று ஒரு சொல் இல்லை.

‘ஒட்சியேற்ற அழுத்தத்துக்கு’ (சுயாதீன மூலிகங்கள் மிகுவதால் வரும் பாதிப்புக்கு) விற்றமின் சி ஏற்றச் சொன்னதும் உங்கள் பக்கமே. 2022இல் வெளிவந்த லோவிட் ஆய்வில், கிருமித்தொற்றோடு தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஏற்றியபோது, இறந்தோ உறுப்புச் செயலிழந்தோ போனவர்கள் அதிகம். காயமடைந்தவர்களில் செய்த ஆய்வல்ல. என்றாலும் எச்சரிக்கை போதாதா? சில குளுக்கோமீற்றர்கள் அந்த விற்றமினையும் சீனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சீனி விழுந்து உயிருக்கே ஆபத்து.

இப்படியான வரிகளைக் காட்டித்தான் உறவினர்கள் “ஏன் இன்னும் அன்டிபயோட்டிக் போடவில்லை?” என்று தாதியரோடு சண்டைக்கு நிற்கிறார்கள். தேவையில்லாத மருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். இனி எந்தப் பரிசோதனை எண்ணை அச்சிட்டாலும் அலகையும், காயம்பட்டு எத்தனையாவது மணித்தியாலம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கொழும்பு – 06