கைல் ஸ்கீமில் கைகொடுத்தவருக்கு நன்றி

ஸ்கீம் நிரல்மொழியை ஓட்டும் கைல் மென்பொருளில் பிழைமேல் பிழை வந்து நான் தடுமாறியபோது, பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவரே, நன்றி.

'அன்பவுண்ட் வேரியபிள்: ஃபோல்ட்' என்ற பிழைக்கு எல்லாரும் கைலை மறுபடி நிறுவச் சொன்னபோது, நீங்கள்தான் ஒரே வரியில் முடித்தீர்கள்: ஃபோல்ட் (பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் செயல்கூறு) இருப்பது எஸ்ஆர்எஃப்ஐ-1 என்ற பட்டியல் நூலகத்தில், கோப்பின் தலையில் யூஸ்-மாட்யூல்ஸ் போட்டு அதை அழைக்க வேண்டும்.

அடுத்து வந்த பிழை 'நோ கோட் ஃபார் மாட்யூல்': கேட்ட மாட்யூலின் (தனிக் கோப்பில் வைத்த நிரல் தொகுதி) கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். மாட்யூலின் பெயர் (கடை கணக்கு) என்றால், கோப்பு 'கடை' அடைவுக்குள் 'கணக்கு.எஸ்சிஎம்' என்றுதான் இருக்க வேண்டும். அந்த அடைவுக்கு ஒரு படி வெளியே நின்று, 'கைல் -எல் .' என்று (பெரிய எல், பிறகு புள்ளி) ஓட்ட வேண்டும். உள்ளே நின்று ஓட்டினால் தேடும் பாதை பொருந்தாது.

மேக்ரோவை (தொகுக்கும்போதே வேறு நிரலாக விரியும் வரையறை) திருத்திய பிறகும் பழைய விடையே வந்ததுதான் பெரிய தலைவலி. தொகுத்து வைத்த கோப்பு பழையதா என்று கைல் அதன் மூலக் கோப்பின் நேரத்தை மட்டுமே பார்க்கும். மேக்ரோ இருக்கும் இன்னொரு கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் புதிதாகத் தொகுக்கச் சொல்லும் '--ஃப்ரெஷ்-ஆட்டோ-கம்பைல்' கொடுத்ததும் புதிய விடை வந்தது.

'ராங் டைப் டு அப்ளை: 5' மட்டும் இன்னும் வருகிறது. (5) என்று எழுதினால் 5-ஐச் செயல்கூறாக அழைப்பதாகிவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகும், விரல் அடைப்புக்குறியைத் தேடிப் போகிறது.