எரித்து வீணாக்கும் வாயுவுக்குக் கணக்கு எங்கே?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைத் திட்டமிடுவோருக்கும் நடத்துவோருக்கும் வணக்கம்.

வெளியேறும் நீரின் தரம் என்ன என்று கேட்டால் உங்களிடம் உடனே பதில் கிடைக்கும். கழிவுநீரிலிருந்து பிரியும் சேறான கசடிலிருந்து எவ்வளவு வாயு கிளம்பியது, அதில் எவ்வளவு மின்சாரமாயிற்று, எவ்வளவு குழாய் முனையில் சும்மா எரிக்கப்பட்டது என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது.

இது நேற்று முளைத்த தொழில்நுட்பம் அல்ல. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1895-லேயே கழிவுநீர்த் தொட்டியின் வாயுவைப் பிடித்து விளக்கெரித்திருக்கிறார்கள். காற்றுப் புகாத கலனில் ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில் கசடை இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் நுண்ணுயிரிகள் அதைச் செரித்து வாயுவாக்குகின்றன. அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். அதை எரிக்கும் இயந்திரம் மின்சாரம் தரும். அதன் வெப்பமே கலனையும் சூடாக வைத்திருக்கும்.

ஆனால் இயந்திரம் வாங்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது என்று நினைப்பதுதான் கோளாறு. ஆற்றல் கைநழுவுவது அதற்கு வெகு முன்னால், காற்றூட்டத் தொட்டியில். அழுக்கில் இருக்கும் கரிமப் பொருளை அங்கே காற்றடித்துச் சிதைக்கிறோம்; நிலையத்தின் மின்செலவில் பாதியளவு அதற்கே போகிறது. முழுதும் சிதைய ஒரு கிலோ ஆக்சிஜன் கேட்கும் அளவு அழுக்கைக் காற்றில்லாமல் செரித்தால் சுமார் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். நல்ல இயந்திரத்தில் அது ஒரு யூனிட்டுக்கும் சற்று அதிகமான மின்சாரம். அதே அழுக்கைக் காற்றூட்டி அழிக்க நாம் மின்சாரம் செலவழிக்கிறோம். வருமானத்தைக் காசு கொடுத்து ஒழிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

ஆகவே முதல் தொட்டிகளிலேயே கசடை இயன்றவரை பிரித்தெடுங்கள். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் இதைத்தான் செய்தது. முதல் கட்டத்தில் கரிமப் பொருளை விரைவாகக் கசடில் ஒட்டவைத்துச் செரிமானக் கலனுக்கு அனுப்பினார்கள். கலனிலிருந்து வடியும் நீரின் நைட்ரஜனை நீக்கக் குறைந்த காற்றே கேட்கும் நுண்ணுயிரிகளை வளர்த்தார்கள். 2005 வாக்கில் அந்த நிலையம் தன் தேவைக்கு மேல் மின்சாரம் ஆக்கியது. அமெரிக்காவின் ஓக்லாந்து நிலையமும் 2012-இல் அந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் அது வெளியிலிருந்து உணவுக் கழிவையும் கொழுப்பையும் வாங்கிக் கலனில் சேர்த்தது. கழிவுநீர் மட்டுமே எல்லா நிலையத்தையும் தன்னிறைவு ஆக்கிவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மிகச் சிறிய நிலையங்களுக்குத் தனிக் கலன் கட்டுப்படியாகாது. கசடைக் கெட்டியாக்கிப் பெரிய நிலையத்துக்கு அனுப்புவதே மேல்.

பராமரிப்பு விஷயத்தில் உங்களை விடமாட்டேன். வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு உலோகத்தை அரிக்கும். ஷாம்பு, அழகுப் பூச்சுகளிலிருந்து வரும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மம் இயந்திரத்துக்குள் மணலைப் போன்ற படிவாக இறுகும். இரண்டையும் வடிகட்டாமல் ஓட்டிவிட்டு, இயந்திரம் பழுதாகி மூலையில் நின்றதும் 'திட்டம் சரிவரவில்லை' என்று கோப்பை மூடுவது நியாயமா? கலனைப் புரிந்துகொண்ட ஆளை நியமிக்காமல் விலையுயர்ந்த கருவியை மட்டும் வாங்குவதும் அதே வகைதான். கூரையில் சூரியத் தகடு பதித்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. பதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, காலடியில் கிடப்பதையும் பாருங்கள் என்கிறேன்.

கசிவையும் தேடுங்கள். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். மூடியில் ஒரு விரிசல் இருந்தால் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் பயனில் கணிசமான பங்கு காற்றோடு போகும்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் கட்டுமான விலையை மட்டும் ஒப்பிடாமல், இருபது ஆண்டு மின்செலவையும் வாயு வருவாயையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வாயுக்குழாயிலும் எரிமுனையிலும் அளவி பொருத்துங்கள். அந்த எண்களை நீரின் தர அறிக்கையோடு மாதந்தோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்க் கட்டணம் செலுத்தும் ஒருவர்