செடியோடு பூஞ்சை ஈயையும் விற்காதீர்கள்: நர்சரிக்காரர்களுக்கும் மண்கலவை விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஹாலில் வைக்க மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் வாங்கிப் போகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்து, "தொட்டியைச் சுத்தி குட்டிக் கொசு பறக்குதுங்க" என்கிறார்கள். அது கொசு இல்லை, ஈர மண்ணில் முட்டையிடும் பூஞ்சை ஈ. நீங்களும் ஏதாவது ஒரு பூச்சிமருந்தைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அந்த மருந்து பறப்பதைக் கொல்லும். மண்ணுக்குள் இருக்கும் அடுத்த கூட்டத்தை ஒன்றும் செய்யாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 24 டிகிரி வெப்பத்தில் பூஞ்சை ஈயின் முட்டை பொரிய மூன்று நாள், புழுப் பருவம் பத்து நாள், கூட்டுப்புழு நான்கு நாள். ஆக, 17 நாளில் ஒரு தலைமுறை. புகார் எப்போது வருகிறது என்று பாருங்கள். முட்டை பெரும்பாலும் உங்கள் ஷெட்டிலேயே இடப்பட்டிருக்கிறது.

முதல் காரணம் சரியாக மக்காத உரம். புழு தின்பது பூஞ்சையையும் அழுகும் பொருளையும்தான். அது போதாதபோது வேர்த்தூவிகளைக் கடிக்கும். நாற்றும் பதியன் குச்சியும் சாவது அப்படித்தான். உரம் மக்கிவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கைப்பிடியை ஈரமாக்கி ஜிப் கவரில் மூடி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. புளித்த நெடியோ அமோனியா நெடியோ அடித்தால் இன்னும் சில வாரம் கிடக்கட்டும். வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு மண்புழு உரம் கலவையில் பத்தில் ஒரு பங்கு போதும். பாதிக்குப் பாதி போட்டால் செடி செழிக்கும் என்பது வெயிலில் நிற்கும் செடிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அடுத்தது சேமிப்பு. காற்றோட்டத்துக்கென்று ஓட்டை போட்ட பையில் ஈரக் கலவையை அடுக்கி வைத்தால் ஈ உள்ளே போய் முட்டையிடும். கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, கட்டியாகவே விற்றுவிடுங்கள், வாங்குகிறவர் ஊறவைத்துக்கொள்ளட்டும். 650 கிராம் கட்டிக்கு மூன்று நான்கு லிட்டர் கொதிநீர் ஊற்றினால் ஊறும்போதே முட்டையும் புழுவும் வெந்துவிடும். ஆறிய பிறகுதான் நட வேண்டும்.

கல்லாவில் நின்று நீங்கள் சொல்லும் யோசனைகளையும் கொஞ்சம் மாற்றுங்கள். "தினமும் ஒரு டம்ளர் தண்ணி" வேண்டாம். மேல்மண் நான்கு செ.மீ. காய்ந்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்; முட்டையும் இளம்புழுவும் இருப்பது அந்த அடுக்கில்தான். கோகோபீட் மேலே வெளுத்து, கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், வடிகால் ஓட்டை வழியாகவும் ஈ நுழையும். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத்தோல் ஊறல் எல்லாம் மாடித் தோட்டத்தோடு நிற்கட்டும். வீட்டுக்குள் அவை புழுவுக்குப் போடும் பந்தி. வேப்பம் புண்ணாக்கை ஈர மண்ணின் மேலே தூவினாலும் இதே கதை: இரண்டு நாளில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிடும்.

மருந்து கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பிடிஐ கொடுங்கள். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். கொசுப்புழுவுக்குப் பயன்படும் அதே பாக்டீரியா. உரக்கடையில் "பிடி" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் குர்ஸ்டகி வகை. அது இலை தின்னும் கம்பளிப்புழுவுக்கு. ஈயின் புழுவிடம் பலிக்காது. லேபிளில் போட்ட அளவில் கரைத்து, வழக்கமாக விடும் தண்ணீருக்குப் பதில் ஊற்ற வேண்டும். புழு தின்றால்தான் வேலை செய்யும், மண்ணிலும் அதிக நாள் தங்காது. அதனால் வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு வாரம் விடாமல் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஊற்றிவிட்டு "கேக்கல" என்பவர்கள்தான் அதிகம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்பவர்களிடம் ஒரு எச்சரிக்கை சொல்லுங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று வெளிநாட்டு வீடியோக்களில் வருவது 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் "20 வால்யூம்" என்று தருவது 6 சதவீதம். அதற்கு ஒன்பது பங்கு தண்ணீர். பட்ட புழு சாகும், அவ்வளவுதான். தப்பிய புழுவைக் கொல்ல மறுநாள் மண்ணில் மருந்து எதுவும் மிச்சமிருக்காது.

மஞ்சள் ஒட்டுஅட்டை ஈயைக் குறைக்கும், ஒழிக்காது. மண்ணை ஒட்டிப் படுக்க வைத்தால் நிறையச் சிக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. புது லோடு வந்ததும் நாலைந்து பையில் ஒரு செ.மீ. தடிமனுக்கு உருளைக்கிழங்கு வில்லை வெட்டி, வெட்டுமுகம் மண்ணில் பதிய அழுத்தி வையுங்கள். மூன்றாம் நாள் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி உடம்பும் கடுகைவிடச் சிறிய பளபளக்கும் கருந்தலையுமாக ஒன்று நெளிந்தாலும் அந்த லோடைத் தனியே ஒதுக்கி, பிடிஐ ஊற்றி முடித்த பிறகு விற்பனைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்குள் செடி வளர்ப்போர் சிலர்